நாற்பது நாள் கணக்கு

பிள்ளை பெற்ற பெண்ணைத் தீட்டு என்று ஒதுக்குகிறதா வேதாகமம்? கோபர்கைரனேயின் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் எண்ணப்படும் நாட்களுக்குப் பின்னால் எட்டே வசனங்கள் இருக்கின்றன. கூடவே ஒரு தமிழ்ச் சொல்லும்.

நவி மும்பையின் கோபர்கைரனேயில் பிள்ளை பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்கத் துப்பறியத் தேவையில்லை. சிட்கோ அளந்துகொடுத்த சின்ன மனைகளில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகள். மாடிக் கம்பியில் பழைய வேட்டியைக் கிழித்த துணிகள் காயும். கீழே அடுப்பில் நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும். ஊரிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி, கல்யாணில் இறங்கி வந்த ஆச்சி, மருமகளோ மகளோ வாசல்படி தாண்டாமல் பார்த்துக்கொள்வார்.

பக்கத்து மராத்தி வீட்டிலும் இதே கதைதான். அங்கே அதற்கு 'சவ்வா மஹினா', அதாவது ஒன்றேகால் மாதம், என்று பெயர். பிறப்புத் தீட்டை அவர்கள் 'சோயர்' என்பார்கள். இறப்புத் தீட்டு 'சுதக்'. நாலு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தால் அங்கேயும் நாற்பதாம் நாள் குளியலுக்கு ஏற்பாடு நடக்கும். மூன்று மதம், மூன்று மொழி, கணக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்று.

ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் ஒரு வித்தியாசம் உண்டு. ஏன் நாற்பது நாள் சர்ச்சுக்கு வரக்கூடாது என்று இளம்தாய் கேட்டால் ஆச்சி கறுப்பு அட்டை போட்ட வேதாகமத்தைத் திறந்து, 'இதோ எழுதியிருக்கே' என்று காட்டிவிட முடியும். லேவியராகமம், 12-ஆம் அதிகாரம். அந்தப் புத்தகத்திலேயே மிகச் சிறிய அதிகாரம் இதுதான். எட்டு வசனங்களோடு முடிந்துவிடுகிறது. பிரசங்கங்களில் அநேகமாக யாரும் தொடுவதில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் மட்டும் திடீரென்று உயிர்பெறும்.

அதில் இருப்பது இவ்வளவுதான். ஆண் குழந்தை பெற்றவள் ஏழு நாள், மாதவிலக்கு நாட்களில் எப்படியோ அப்படி, தீட்டாக இருப்பாள். எட்டாம் நாளில் பிள்ளைக்கு விருத்தசேதனம். அதன் பிறகு 33 நாள் உதிரச் சுத்திகரிப்புக் காலம். பரிசுத்தமான எதையும் தொடக்கூடாது, பரிசுத்த ஸ்தலத்துக்கு வரக்கூடாது. ஆக மொத்தம் 40. பெண் குழந்தை என்றால் எல்லாம் இரட்டிப்பு: 14-ம் 66-ம் சேர்ந்து 80. நாட்கள் முடிந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டியைத் தகனபலியாகவும், ஒரு புறாக்குஞ்சையோ காட்டுப்புறாவையோ பாவநிவாரண பலியாகவும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களோடு வரலாம். ஆசாரியன் அவளுக்காகப் பலி செலுத்துவான், அவள் சுத்தமாவாள்.

இதில் என்னென்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தை தீட்டு என்று இல்லை. தாய் அடுப்படிக்குப் போகக்கூடாது என்று இல்லை. தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புறத்து அறை எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே குடிசை போடு என்று நிச்சயமாக இல்லை. முதல் ஏழு நாளுக்கு மாதவிலக்கின் விதிகள் பொருந்தும். 15-ஆம் அதிகாரத்தின்படி அவளையோ அவள் படுக்கையையோ தொட்டவர் குளித்துவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மீதி 33 நாளுக்கு அந்த நிபந்தனையும் சொல்லப்படவில்லை. விலக்கு முழுவதும் ஒரே ஓர் இடத்தைப் பற்றியது: எருசலேம் ஆலயமும் அதற்கு முன்பிருந்த ஆசரிப்புக் கூடாரமும். அந்த ஆலயம் கி.பி. 70-ல் ரோமாபுரிப் படைகளால் இடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு உலகில் எந்தத் தாயும் இந்தச் சட்டத்தின்படி பலி செலுத்தவில்லை, செலுத்தவும் முடியாது.

அப்படியானால் அந்தத் 'தீட்டு' என்பது என்ன?

எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'தும்ஆ'. மோசேயின் சட்டத்தில் இது யார் யாருக்கெல்லாம் வருகிறது என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். விந்து வெளிப்பட்ட ஆணுக்கு வருகிறது. அவன் உடம்பு முழுவதையும் கழுவிச் சாயங்காலம் வரை தீட்டாக இருக்கிறான். கூடிய கணவன் மனைவி இருவருக்கும் வருகிறது. செத்தவரைத் தொட்டவனுக்கு ஏழு நாள். பெற்ற தாயைப் புதைக்கிறவனும் தீட்டுத்தான். ஆனால் தாயைப் புதைப்பது பாவமா? மற்ற சடலங்களை நெருங்கக்கூடாது என்று கட்டளை பெற்ற ஆசாரியனுக்கே தாய், தகப்பன், பிள்ளை, சகோதரன் இறந்தால் தீட்டுப்பட அனுமதி இருக்கிறது, 21-ஆம் அதிகாரத்தில். பிள்ளை பெறுவதோ ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே ஆசீர்வாதமாகச் சொல்லப்பட்ட காரியம். கடமையைச் செய்தாலும், ஆசீர்வாதம் பெற்றாலும் வந்து சேரும் ஒன்றைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு நிலை. வரும், கழுவினால் அல்லது காத்திருந்தால் போகும். அந்த நிலையில் ஆலயத்துக்கு வராதே என்பதே சட்டம்.

பிரிட்டிஷ் மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், எது எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தை விட்டு வெளியேறும்போதுதான் மனிதர்கள் அதை அழுக்கு என்கிறார்கள் என்று வாதித்தார். உடம்பின் எல்லையைத் தாண்டி வெளியே வரும் ரத்தம் அப்படிப்பட்டது. லேவியராகமத்துக்கு மிக விரிவான உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் இன்னொரு வழியாகப் போனார். சடலம், தோல் நோய், ரத்தப் போக்கு, விந்து இழப்பு ஆகிய எல்லாமே உயிர் வடிந்துபோவதன் அடையாளங்கள். உயிரின் தேவன் வசிக்கும் இடத்தில் மரணத்தின் சாயல் எதுவும் நெருங்கக்கூடாது என்பதே இந்தச் சட்டங்களின் அடிப்படை என்றார். மாமிசத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பது லேவியராகமத்தின் 17-ஆம் அதிகாரம் சொல்லும் கருத்து. பிரசவ அறை என்பது உயிர் பிறக்கும் இடம் மட்டுமல்ல, உயிர் போகவும் கூடிய இடம் என்பது மருத்துவமனை இல்லாத காலத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைப்பேற்றை மறுபிறவி என்றுதானே நம் ஊரிலும் சொல்கிறார்கள்.

பாவநிவாரண பலி என்ற சொல்தான் எல்லாவற்றையும் குழப்புகிறது. பாவம் செய்யாதவள் எதற்காகப் பாவநிவாரணம் தேட வேண்டும்? எபிரெயத்தில் இது 'ஹத்தாத்'. தவறுதல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதே வேரின் இன்னொரு வினை வடிவத்துக்குச் சுத்தப்படுத்துதல் என்று பொருள். ஆகவே சுத்திகரிப்புப் பலி என்பதே சரி என்று மில்க்ரோம் வாதாடினார். அவர் காட்டும் சான்றை மறுப்பது சிரமம்: பலிபீடத்தைப் புதிதாக அர்ப்பணிக்கும்போதும் இதே ஹத்தாத் செலுத்தப்படுகிறது. கல்லும் வெண்கலமும் என்ன பாவம் செய்திருக்கும்?

இந்தக் கேள்வி பழைய யூத ரப்பிகளையும் உறுத்தியிருக்கிறது. தால்மூதில் ஒரு சுவையான விளக்கம் வருகிறது. பிரசவ வலியில் பெண், இனி புருஷன் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்துவிடுகிறாளாம். பிறகு அதை மீறுவாள், அதற்காகத்தான் பலி என்கிறார் ரப்பி சிமியோன் பென் யோகாய். மற்ற ரப்பிகள் இதை ஏற்கவில்லை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. ஆண் பிள்ளை என்றால் ஊரே கொண்டாடுவதால் ஏழே நாளில் சத்தியத்துக்காக வருந்துகிறாள். பெண் பிள்ளை என்றால் எல்லோரும் முகம் சுளிப்பதால் மனம் ஆறப் பதினாலு நாள் ஆகிறதாம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாபிலோனிய வீடும் நம் திருநெல்வேலி வீடும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871-ல் வெளிவந்த பழைய திருப்புதல்தான் இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் வேதாகமம். அதன் மொழிபெயர்ப்பாளர்கள் 'தும்ஆ'வுக்கு ஒரு சொல் தேடியபோது கையில் தயாராக இருந்தது 'தீட்டு'. மாதவிலக்கானவளுக்கு 'சூதக ஸ்திரீ' கிடைத்தாள். மொழிபெயர்ப்பு என்ற அளவில் குறை சொல்ல முடியாது. தமிழில் வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு பக்கத்தில் வராது. ஆனால் சொல் தனியாக வருவதில்லை, தன் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தமிழில் தீட்டு என்றதும் தெரிவது எருசலேம் ஆலயம் அல்ல. கொல்லைப்புறம், தனித் தட்டு, மேலே பட்டால் தலைமுழுகுவது. அதற்கும் மேலே, சாதி.

தாராவிக்கும் அங்கிருந்து செம்பூர், நவி மும்பை என்று பரவியவர்களுக்கும் இது வெறும் மொழி ஆராய்ச்சி அல்ல. மும்பையின் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினரின் பூர்வீகம் பழைய திருநெல்வேலிச் சீமை. நாடார்களும் தலித்துகளும் கணிசம். இவர்களுடைய பாட்டன்மார்களையே தீட்டு என்று சொல்லித்தான் கோயிலுக்கும் கிணற்றுக்கும் வெளியே நிறுத்தினார்கள். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்தார்கள் என்று ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1908-ல் நாடார்கள் தோற்றார்கள். அந்த வழக்கை நடத்தியவர்கள் இந்து நாடார்கள்தான். ஆனால் கோயிலுக்கு ஆகாதவர்கள் என்ற முத்திரை மதம் பார்த்துக் குத்தப்பட்டதல்ல. அந்த முத்திரையை எதிர்த்து நின்ற சமூகங்களின் வீடுகளில், அதே சொல் வேதவசனமாக வந்து உட்கார்ந்து, இந்த முறை வீட்டுப் பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. இதைக் கவனித்தவர்கள் குறைவு.

கோபர்கைரனே ரயில் நிலையத்தில் நின்றால் இன்னொரு ஆச்சரியம். 2004-ல் ஓடத் தொடங்கிய தாணே வழித்தடத்தின் மின்ரயில்கள் இந்தப் பக்கம் தாணேக்கும் அந்தப் பக்கம் பன்வேலுக்கும் போகின்றன. இரண்டு ஊரிலும் பழைய யூத ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. பன்வேலின் பேத் எல் 1849-ல் கட்டப்பட்டது, தாணேயின் ஷார் ஹஷாமயிம் 1879-ல். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் யூதர்கள் இவர்கள். கப்பல் உடைந்து அலிபாக் அருகே நவ்காவ் கரையில் ஒதுங்கிய ஏழு தம்பதிகளின் வழித்தோன்றல்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள், சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தினார்கள். அதனால் அக்கம்பக்கத்து மராத்தியர் வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர்.

எபிரெய மொழியையே ஏறக்குறைய மறந்துபோன காலத்திலும் இவர்கள் விடாமல் வைத்திருந்த சில வழக்கங்களில் எட்டாம் நாள் விருத்தசேதனம் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு ஆண் என்றால் 40, பெண் என்றால் 80 நாள் என்ற கணக்கு இன்னொன்று. லேவியராகமத்தின் 12-ஆம் அதிகாரம், கறுப்பு அட்டை வேதாகமம் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, இதே கொங்கண மண்ணில் நடைமுறையில் இருந்தது. இப்போது பெனே இஸ்ரயேலரில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள். இந்தியா முழுவதிலும் மிஞ்சியிருக்கும் யூதர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. தமிழ் ஆச்சிக்கும் பெனே இஸ்ரயேல் பாட்டிக்கும் கணக்கில் ஒரே ஒரு வித்தியாசம்: ஆச்சி பெண் பிள்ளைக்கு 80 எண்ணுவதில்லை. இரண்டுக்கும் நாற்பதுதான். புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் பாதிச் சட்டத்தை எப்போது, யாரைக் கேட்டு விட்டார்கள்? உண்மையில் அவர்கள் எண்ணுவது புத்தகத்தின் நாற்பது அல்ல. ஊரின் நாற்பது. புத்தகம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

முழுச் சட்டத்தையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர்கள் எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரயேல் யூதர்கள். கிராமத்து ஓரத்தில் தனிக் குடிசை, 40 அல்லது 80 நாள் தாயும் சேயும் அங்கேதான். 1984-லும் 1991-லும் விமானங்களில் இஸ்ரேலுக்கு அழைத்துவரப்பட்டபோது அடுக்குமாடி வீடுகளில் குடிசைக்கு எங்கே போவது என்று அந்தப் பெண்கள் தவித்தார்கள். நமக்கு அது கொடுமையாகப் படுகிறது. அவர்களில் சில பெண்கள் அந்தக் குடிசையை வேலையிலிருந்து விடுதலை கிடைத்த இடமாகவும், பெண்கள் மட்டும் கூடிப் பேசிய இடமாகவும் நினைவுகூர்ந்தார்கள் என்பதும் ஆய்வாளர்கள் பதிவு செய்த செய்தி.

பெண் பிள்ளைக்கு ஏன் இரட்டிப்பு என்பதற்கு மட்டும் இன்றுவரை எல்லோரையும் திருப்திப்படுத்தும் பதில் வரவில்லை. யூபிலிகள் என்ற பழைய யூத நூல், ஆதாம் படைக்கப்பட்டு 40-ஆம் நாளிலும் ஏவாள் 80-ஆம் நாளிலும் ஏதேனுக்குள் கொண்டுவரப்பட்டார்கள், அதனால்தான் என்கிறது. ஆண் கரு 40 நாளிலும் பெண் கரு 90 நாளிலும் உருவம் பெறுகிறது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். பெண் கருவுக்கு 81 நாள் என்ற ரப்பி ஒருவரும் உண்டு. இரண்டும் தவறு என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். பிறந்த பெண் குழந்தைக்குச் சில சமயம், தாயின் ஹார்மோன் குறைவதால், லேசாக ரத்தக் கசிவு இருக்கும். இரண்டு பெண்களின் ரத்தம் என்பதால் இரண்டு மடங்கு என்பது இக்காலத்து ரப்பி ஒருவர் சொன்ன விளக்கம். நாளைக்குத் தாயாகப் போகிறவள் என்பதால் என்பாரும் உண்டு. கெட்டிக்காரத்தனமான விளக்கங்கள்தான். ஆனால் ஆண் பிள்ளையைக் கூடுதலாக மதித்த ஒரு சமூகத்தின் தடம் இதில் இல்லவே இல்லை என்று சாதிப்பது கஷ்டம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலி இரண்டுக்கும் ஒன்றே. பெண் பிள்ளைக்காகப் பாதி ஆடு, அரைப் புறா என்று சட்டம் சொல்லவில்லை.

கிறிஸ்தவத்துக்கு இந்தச் சட்டத்தோடு உள்ள சம்பந்தம் லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு எருசலேமுக்குப் போகிறார்கள். கொண்டுபோனது ஆடு அல்ல, இரண்டு புறாக்கள். ஏழைக்கென்று லேவியராகமம் திறந்துவைத்த வழியில்தான் அந்தக் குடும்பம் போயிற்று. பிப்ரவரி 2-ஆம் தேதி கத்தோலிக்கக் கோயில்களில் மெழுகுதிரி மந்திரித்துக் கொண்டாடுவது இந்த நாளைத்தான். பல நூற்றாண்டுகளாக மேற்கத்தியத் திருச்சபையில் அதற்குப் பெயர் மரியாளின் சுத்திகரிப்புத் திருநாள். 1969-ல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது ரோமாபுரி அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள் என்று மாற்றியது.

ஆங்கிலிக்கன் சபை இதைவிட முன்னதாகவே விழித்துக்கொண்டது. 1549-ல் வெளிவந்த முதல் பொது ஜெபப் புத்தகத்தில் பெண்களின் சுத்திகரிப்பு என்று ஓர் ஆராதனை முறை இருந்தது. மூன்றே வருடத்தில், 1552-ல், அதன் தலைப்பைப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஸ்திரீகள் செலுத்தும் ஸ்தோத்திரம் என்று மாற்றினார்கள். தீட்டுக் கழித்தல் நன்றி சொல்லலாக ஆனது. மிஷனரிகள் மூலம் திருநெல்வேலிக்கு வந்ததும், இன்று சி.எஸ்.ஐ. சபைகளில் பிள்ளையோடு தாய் முதல் முறையாக ஆலயத்துக்கு வந்து ஸ்தோத்திரம் செலுத்துவதும் அந்த வழியில்தான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையோ ஆண் குழந்தைக்கு 40-ஆம் நாளிலும் பெண் குழந்தைக்கு 80-ஆம் நாளிலும் ஞானஸ்நானம் கொடுத்து, பழைய கணக்கை அப்படியே காப்பாற்றி வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், 601-ஆம் ஆண்டிலேயே இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வந்துவிட்டது. இங்கிலாந்துக்கு மிஷனரியாகப் போன அகஸ்டின், பிள்ளை பெற்றவள் எத்தனை நாள் கழித்துக் கோயிலுக்குள் வரலாம் என்று ரோமாபுரிக்கு எழுதிக் கேட்டார். போப் முதலாம் கிரகோரியின் பெயரில் வந்த பதிலை, பீட் என்ற துறவி தம் வரலாற்று நூலில் சேர்த்துவைத்திருக்கிறார். பழைய ஏற்பாட்டின் கணக்கை உள்ளர்த்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்ற அந்த மணி நேரத்திலேயே அவள் நன்றி செலுத்த உள்ளே வந்தாலும் அவள்மேல் பாவமில்லை என்பது அதன் சாரம். பிரசவ வேதனையைக் குற்றமாக்கித் தண்டிக்கக்கூடாது என்ற கருத்தும் அதில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அந்தக் கடிதம் நம் ஊர் ஆச்சிமார்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதற்காக ஆச்சி சொல்வதெல்லாம் அபத்தம் என்று தள்ளிவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, பிரசவம் முடிந்து 42 நாட்களுக்குள் அதன் தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது பேறுகால மரணம். கருப்பை பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கிறது. நம் அரசுத் திட்டப்படி ஆஷா ஊழியர் வீடு தேடி வந்து தாயையும் பச்சிளங்குழந்தையையும் பார்க்கும் கடைசி வருகையும் 42-ஆம் நாள்தான். மோசேக்கு இது தெரிந்திருந்தது என்று சில பிரசங்கிமார் சொல்வது கொஞ்சம் அதிகம். சுகாதாரம்தான் நோக்கம் என்றால் பெண் பிள்ளைக்கு இரட்டிப்பு வந்திருக்காது. ஆனால் அந்த நாட்களில் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதைப் பெண்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

இந்த விவகாரத்தின் சிக்கலான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மருமகளுக்கு ஓய்வு கொடு என்று சொன்னால் காதில் வாங்காத வீடு, தீட்டு என்றால் பேசாமல் அடங்கியது. நாற்பது நாள் அவள் கல்லுரலையும் விறகடுப்பையும் நெருங்காமல் இருக்க வைத்த வேலி அந்தச் சொல்தான். இன்று அந்த வேலி யாருக்கு இருக்கிறது? 2017-ல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தது. கோபர்கைரனேயில் குடியிருந்து வாஷியிலும் சான்பாடாவிலும் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணை அந்தச் சட்டம் எட்டவில்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத்தான் நாற்பது நாள் தடை. திங்கட்கிழமை பாத்திரம் தேய்க்கத் தடையில்லை. பதினைந்தாம் நாளே வேலைக்குப் போகிறவள் நாற்பதாம் நாள் வரை ஆலயத்துக்கு ஆகாதவளாக இருக்கிறாள் என்றால், சட்டத்தின் ஓய்வு போய் ஒதுக்கல் மட்டும் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

ஒதுக்கல் மட்டும் மிஞ்சினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேதாகமத்துக்குச் சம்பந்தமில்லாத ஊர்களில் சாட்சி இருக்கிறது. கர்நாடகத்தின் துமகூரு அருகே காடுகொல்லர் குடியிருப்பு ஒன்றில், 2023 ஜூலையில், தாயோடு ஊருக்கு வெளியே குடிசையில் வைக்கப்பட்ட பச்சிளங்குழந்தை மழையிலும் குளிரிலும் உடல்நிலை மோசமாகி இறந்தது. நம் மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் விலக்கான பெண்கள் தங்குவதற்கென்று தனி வீடு இருப்பதும், பிள்ளை பெற்றவர்கள் கைக்குழந்தையோடு அங்கே தங்குவதும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. கோபர்கைரனே வீடுகளில் இந்த அளவுக்குப் போவதில்லை. இருநூறு சதுர அடியில் யாரை எங்கே ஒதுக்குவது? மும்பையின் இட நெருக்கடி சாதித்த சில சீர்திருத்தங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பிடிக்கும் வாரங்களும் இவைதான். ஊரும் உறவும் தூரத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிந்த நாலு முகங்களைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் சபைதான் என்றால், அதன் கதவை ஆறு வாரம் சாத்திவைப்பது சின்ன விஷயமல்ல.

சபைகளின் நிலையோ வழவழா. கொள்கையாகக் கேட்டால் எந்தப் போதகரும் தீட்டு என்பது பழைய ஏற்பாட்டோடு முடிந்தது என்றுதான் சொல்வார். பன்னிரண்டு வருடமாக ரத்தப் போக்கால் அவதிப்பட்ட பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட கதையை மாற்கு ஐந்தாம் அதிகாரத்திலிருந்து உருக்கமாகப் பிரசங்கிப்பார். ஆனால் இருபதாம் நாளில் ஒரு தாய் பிள்ளையோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தால் பெண்கள் பக்கத்தில் எழும் முணுமுணுப்பை அடக்கப் பலருக்கும் தைரியம் வருவதில்லை. 'உடம்பு தேறட்டும்மா, மெதுவா வாங்க' என்று பொதுவாகச் சொல்லி நழுவுவார்கள். அந்தப் பெண் அதைத் தீட்டு என்று புரிந்துகொள்கிறாளா, அக்கறை என்று புரிந்துகொள்கிறாளா என்று யாரும் கேட்பதில்லை.

நாற்பது முடிந்து அவள் வரும் ஞாயிறன்று ஆராதனையில் அறிவிப்பு உண்டு. பிள்ளையை முன்னால் கொண்டுவரச் சொல்லி ஜெபிப்பார்கள். ஸ்தோத்திரக் காணிக்கை உறை மேசையில் வைக்கப்படும். உறையின் மேல் பெரும்பாலும் தகப்பன் பெயர்தான் இருக்கும். எட்டு வசனங்களைக் கொண்ட அந்த அதிகாரத்தில் தகப்பன் ஓரிடத்திலும் வரவில்லை. ஆட்டுக்குட்டியையோ புறாக்களையோ கூடாரத்தின் வாசலுக்குக் கொண்டுவந்து ஆசாரியன் கையில் கொடுப்பவள் பிள்ளை பெற்றவள்தான்.